ஆஸ்லோவுக்குப் போன பிரியாணி

மேலப்பாளையம் நூலகத்தில் வெளிநாட்டு இரவல் பிரிவு என் பொறுப்பு. ஒரு நூலுக்கு ஒரே வாசகர் என்பது விதி. நூலை வெளிநாட்டு வாசகர் பெயருக்குப் பதிந்த நிமிடமே, இங்கே படித்தவர் தலையிலிருந்து அது அவர் தலைக்குப் போய்விடும். திரும்பி வந்தால் ஞாபகமும் வந்துவிடும்.

ஒருநாள் காலை, ஆஸ்லோ நூலகம் கேட்ட பிரியாணிப் புத்தகத்தை அங்குள்ள வாசகர் பெயருக்குப் பதிந்து அனுப்பிவைத்தேன். அதைப் படித்துத் தொழில் பழகிய சமையல்காரர் மீரான் அன்றைக்கு அடுப்படியில் இருக்கிறாரா என்று விசாரிக்க மறந்துவிட்டேன்.

ஐந்தே நிமிடத்தில் மீரானிடமிருந்து போன். “அண்ணாச்சி, கறி வெந்துட்டு. அடுத்து என்ன செய்யணும்னு ஒண்ணுமே தெரியல. கல்யாணத்துக்கு எண்ணூறு பேரு சாப்பிட வாராங்க. என் மானம் போயிரும்!”

இரவல் கெடு பதினைந்து நாள்; அதற்கு முன் நூலைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே அதைத் தன் பெயரில் இரவல் எடுத்த சிக்ரிட் என்ற கப்பல் மெக்கானிக்கை, மொழிபெயர்க்கும் போனில் பிடித்து மீரானோடு இணைத்தேன். பிரியாணியைக் கண்ணால்கூடப் பார்த்திராத அந்த அம்மாள் எடுத்த எடுப்பிலேயே அதட்டினார்: “அரிசிய இப்பப் போடாதீங்க! தண்ணி நல்லாக் கொதிக்கட்டும்.”

மாப்பிள்ளை வீட்டார் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

கெடு முடியும் நாளில் மீரான் நூலகத்துக்கு வந்தார். “இன்னும் ஆறு மாசம் அந்தம்மாகிட்டயே இருக்கட்டும், அண்ணாச்சி. அவுஹ சொல்லிச் செஞ்சதுல, நானாச் செஞ்சதவிட ருசி கூடுதல்.”