வாத்தியாரின் வாக்கி-டாக்கி

வாத்தியார் போன தடவை போலீஸில் மாட்டியது திருடியதற்காக அல்ல. ஜீப்பின் பின்விளக்கு எரியாததற்காக.

விளக்கைப் பற்றி விசாரிக்க வந்த கான்ஸ்டபிள், பின்னால் இருந்த பெட்டியைத் திறக்கச் சொன்னார். மிச்சத்தை நீதிபதி சொன்னார். அன்று முதல் சில்லறைத் தப்பு எதையும் வாத்தியார் செய்வதில்லை. இன்னொரு முறை உள்ளே போனால், மகளின் கல்யாணத்தை அவர் போட்டோவில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவரல்ல. கூட்டாளிகளை உபதேசத்தாலேயே வாட்டியதால் வந்த பட்டப்பெயர் அது.

இப்போது மச்சினனோடு ரேடியோ கடையில் நின்றுகொண்டிருந்தார். திட்டம் சுலபம். மலைக்கு அந்தப் பக்கம் வைரக்கல் பட்டை தீட்டும் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு காவலாளிதான். அதே ஞாயிற்றுக்கிழமை, சேற்றில் உருண்டு புரள ஆசைப்பட்டு ஊரிலுள்ள ஜீப் கூட்டமெல்லாம் அந்த மலைக்குத்தான் வரும். கூட இரண்டு ஜீப் போனால் யார் கண்ணை உறுத்தப் போகிறது? ஒரே சிக்கல், மலையில் போனுக்கு சிக்னல் கிடைக்காது.

கடைக்காரர் இரண்டு வகை வாக்கி-டாக்கியை எடுத்து வைத்தார்.

"இந்தச் சின்னதுக்கு லைசென்ஸ் வேண்டாம் சார். ஆனா நடுவுல ஒரு பாறை வந்தாப் போதும், பேச்சு நின்னுடும். இந்தப் பெரிசுல, மேட்டுல நின்னுக்கிட்டுப் பள்ளத்தாக்கு முழுக்கப் பேசலாம். லைசென்ஸ் வேணும்தான்... ஆனா யார் வாங்கறாங்க?"

"யாருமே வாங்கறதில்லையா?"

"ஜீப் ஓட்டறவங்க ஒருத்தர் வாங்கினதாக்கூட ஞாபகமில்லை. காட்டுக்குள்ள யார் வந்து லைசென்ஸ் கேக்கப் போறாங்க, கரடியா?"

"பெரிசையே கொடுங்க. லைசென்ஸுக்கும் ஏற்பாடு பண்ணுங்க."

மச்சினன் அவர் காதைக் கடித்தான். "மாமா, நாம திருடப் போறோமா, இல்ல பரீட்சை எழுதப் போறோமா?"

"லைசென்ஸ் எங்கேன்னு கேட்டு நிறுத்தி, வண்டியைச் சோதனை போட்டான்னு வை. உங்க அக்காவுக்கு நீ பதில் சொல்றியா?"

அக்கா என்றதும் மச்சினன் பர்ஸை எடுத்தான்.

லைசென்ஸ் வந்தது. கூடவே, பேசும்போதெல்லாம் சொல்ல வேண்டிய அழைப்புக் குறியும் வந்தது: டி.கே. செவன். நிபந்தனைகள் அத்தனையையும் வாத்தியார் உரக்கப் படித்துக் காட்டினார். ஜீப் ஓட்டும் கூட்டாளி சுருட்டை நடுவில் கொட்டாவி விட்டதால் முதலிலிருந்து மறுபடியும் படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மச்சினன் மேட்டில் ஜீப்பை நிறுத்திக் காவல் பார்த்தான். வாத்தியாரும் சுருட்டையும் பட்டறைக்குப் பின்னாலிருந்த புதரில் பதுங்கியிருந்தார்கள்.

"மாமா, வாட்ச்மேன் சாப்பிடக் கிளம்பிட்டான்!"

வாத்தியார் கையிலிருந்த வாக்கி-டாக்கியை முறைத்தார்.

"மாமா, கேக்குதா?"

"முறைப்படி பேசினா கேக்கும்."

மேட்டில் மச்சினன் பெருமூச்சு விட்டான். "டி.கே. செவன். வாட்ச்மேன் சாப்பிடக் கிளம்பிட்டான். பின்பக்க ஜன்னல் காலி. ஓவர்."

"டி.கே. செவன். உள்ளே போறோம். ஓவர்."

காவலாளி கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் கற்கள் ஜீப் சீட்டுக்கு அடியில் இருந்தன. மகள் கல்யாணத்துக்கு வாத்தியார் மனத்துக்குள்ளேயே மண்டபம் பார்த்துவிட்டார்.

மலையிறங்கும் வழியில் போலீஸ் நின்றது.

ஜீப் கூட்டங்களின் அரட்டை ஆம்புலன்ஸ் அலைவரிசைக்குள் புகுந்துவிடுகிறது என்று புகாராம். லைசென்ஸ் இல்லாத ஒவ்வொரு ஜீப்பையும் ஓரங்கட்டி, ஒளித்து வைத்த வாக்கி-டாக்கிக்காக சீட்டைக்கூடக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் நிதானமாக லைசென்ஸை நீட்டினார்.

ஏட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"நாலு பேர் உங்களை மாதிரி இருந்தா எங்க வேலை மிச்சம் சார். போய்ட்டு வாங்க."

வீடு வந்து சேரும்வரை வாத்தியார் வாய் ஓயவில்லை. "இப்பப் புரியுதாடா? தப்பு பண்றவன்தான் எல்லாரையும்விட ஒழுங்கா நடந்துக்கணும்." மச்சினன் முதல் தடவையாக அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

மறுநாள் காலை, காபி ஆறுவதற்குள் வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் வயர்லெஸ் துறை அதிகாரி. மச்சினனுக்கு முகம் வெளுத்தது. வாத்தியார் மட்டும் அசரவில்லை. லைசென்ஸோடு எழுந்து வந்தார்.

"அது வேண்டாம் சார். உங்க லைசென்ஸில ஒரு குறையும் இல்லை. லைசென்ஸ் இல்லாமப் பேசறவங்களைப் பிடிக்கத்தான் நேத்து முழுக்க மலையில உக்காந்து எல்லார் பேச்சையும் பதிவு பண்ணினேன். எத்தனையோ கூட்டம் பேசிச்சு. எவன் எவன்னு ஒண்ணும் பிடிபடலை."

"அக்கிரமம் சார்" என்றார் வாத்தியார்.

"இன்னைக்குக் காலையில பட்டறையில திருட்டுன்னு சொன்னாங்க. பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வாட்ச்மேன் சாப்பிடப் போனதைப் பேசினவங்க மட்டும், முறைப்படி டி.கே. செவன்னு தாங்க யாருன்னு சொல்லிட்டுத்தான் பேசியிருந்தாங்க."

அவருக்குப் பின்னால் நின்ற இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தபடி மரியாதையாகச் சொன்னார்:

"லைசென்ஸுக்கு நீங்க கொடுத்திருந்த விலாசமும் அவ்வளவு சுத்தம் சார். வழிகூட யாரையும் கேக்க வேண்டியிருக்கலை."