கோட்டுக்கு அரிக்குமா?

"அவ பேச்சை இந்த வீட்டுல எடுக்காதேன்னு சொல்லியிருக்கேன், ஆர்லீன்."

"சரி, எடுக்கலை. கையை நீட்டு."

லாய்ட் சமையலறை மேஜை மேல் இரண்டு கைகளையும் நீட்டினார். முழங்கை வரை சிவந்து, கோடு கோடாகக் கொப்பளம். வேலியோரத்து மேப்பிள் மரத்தில் ஏறியிருந்த பாய்சன் ஐவிக் கொடியைப் போன சனிக்கிழமை வெட்டித் தள்ளியதற்குக் கிடைத்த கூலி. அக்டோபரில் அந்த நச்சுக்கொடி பழுத்துச் சிவந்து, பார்க்க அழகாகத்தான் இருக்கும். தொட்டவர் பாடுதான் திண்டாட்டம்.

ஓட்ஸ் கரைத்த குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து ஆர்லீன் அவர் கைகளில் சுற்றினாள்.

"சொறியாதே."

"சொறியலை. தடவிக்கிறேன்."

"அதுக்குப் பேருதான் சொறியறது."

"நீ தள்ளி நில்லு. உனக்கும் ஒட்டிக்கப் போகுது."

"கொப்பளம் ஒட்டாது. கொடியோட பிசின்தான் ஒட்டும். வெட்டின கையோட சோப்புப் போட்டுக் கழுவியிருந்தா இவ்வளவு வந்திருக்காது. நீதான் ரம்பத்துக்கு பிளேடு வாங்கணும்னு போட்ட கோட்டோட வண்டியை எடுத்துக்கிட்டு ஓடினே. போனவன் இருட்டினப்புறம் வெறுங்கையோட வந்தே."

"கடை மூடியிருந்துச்சு."

"அந்தக் கோட்டைத் துவைக்கப் போடுன்னு தலைபாடா அடிச்சுக்கறேன். துணியில பட்ட பிசின் மாசக்கணக்கா போகாது."

"அரிக்குதுன்னு கோட்டு வந்து சொல்லட்டும். துவைக்கிறேன்."

ஆர்லீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று நினைத்து, துணியை எடுத்துவிட்டுக் காலமைன் லோஷனைத் தடவியபடியே மறுபடி ஆரம்பித்தாள்.

"வர்ற சனிக்கிழமை ஜனெல் ஓரிகனுக்குப் போறா, லாய்ட். நாட்டோட அந்தக் கோடி. வேலை அங்கதான்னு ஆயிடுச்சு. இனிமே எப்பப் பார்ப்போமோ. ஒரே ஒரு தடவை நேர்ல போய்..."

"கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கறப்போ மாட்டேன்னு சொன்னவ. சர்ச்சு முழுக்க என்னைத் தலைகுனிய வச்சா. அந்தப் பையனோட அப்பன் இன்னிக்கும் என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறான். அவ வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன். வெயில் வந்தா என்ன, பனி வந்தா என்ன!"

ஆர்லீன் பாட்டிலை மூடினாள். கல்லிலே நார் உரிக்கலாம், இந்த மனுஷனை இளக வைக்க முடியாது. ஒரே மகள். அவள் ஊரை விட்டே போகிறாள் என்கிறபோதும் இப்படி ஒரு வீம்பா? கைக்கு லோஷன் தடவலாம், இந்த மனசுக்கு எதைத் தடவுவது? அவளுக்கு உண்மையிலேயே அவர்மேல் வெறுப்பு வந்தது.

மறுநாள், சர்ச்சில் பெண்கள் சேர்ந்து போர்வை தைக்கிறோம் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல மகளைப் பார்க்கக் கிளம்பினாள். தையலில் இரண்டு வருஷமாக இப்படித்தான் அவள் தேறிக்கொண்டிருந்தாள்.

ஜனெல் இருந்தது டவுனில், துணிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் கழுத்தில் ஸ்கார்ப் சுற்றியிருந்தாள். பின்னால் அறை முழுக்க அட்டைப் பெட்டிகள்.

"கன்னத்துல என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா. புது சோப்பு ஒத்துக்கலை போல."

ஆர்லீன் ஸ்கார்பை விலக்கிப் பார்த்தாள். வலது கன்னம் முழுக்கச் சிவந்து, காதுக்குக் கீழே கழுத்து வரைக்கும் பொடிப்பொடியாகக் கொப்பளம். சட்டைக் கையை மேலே தள்ளினாள். இரண்டு முன்கைகளிலும் உள்பக்கம் அதேதான். பண்ணையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதைச் சொல்ல டாக்டர் தேவையில்லை.

"காட்டுப் பக்கம் போனியா?"

"பெட்டி கட்டவே நேரமில்லை. காட்டுக்கு எங்க போறது?"

"நாய் பூனை எதையாவது தூக்கினியா?"

"இந்தக் கட்டிடத்துல நாயும் கிடையாது, பூனையும் கிடையாது. விடும்மா, ரெண்டு நாள்ல போயிடும்."

ஜனெல் குனிந்து பெட்டிக்கு டேப் ஒட்ட ஆரம்பித்தாள். ஏற்கெனவே ஒட்டியிருந்த பெட்டிக்கு.

ஆர்லீன் ஓட்ஸைக் கரைத்தாள், துணியை நனைத்தாள், மகளை உட்காரவைத்துக் கன்னத்தில் ஒற்றினாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. எப்போது வந்தாலும் வாசலிலேயே, "அப்பா என்னைப் பத்திக் கேட்டாரா?" என்று கேட்கிற பெண், இன்றைக்குக் கிளம்பும் வரையில் அதைக் கேட்கவே இல்லை. படி இறங்கும்போதுதான் ஆர்லீனுக்கு அது உறைத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்தபோது லாய்ட் ஜன்னலோரம் கைகளை ஊதிக்கொண்டிருந்தார்.

"தையல் எப்படிப் போச்சு?"

ஆர்லீன் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் தொங்கிய பழைய பழுப்புக் கோட்டை எடுத்தாள். வாஷிங் மெஷினில் திணித்து, பாத்திரம் கழுவும் சோப்பைத் தாராளமாக ஊற்றினாள்.

"ஏய், என்ன பண்றே? அதுதான் அரிக்கலையே!"

"கோட்டுக்கு அரிக்கலைதான், லாய்ட். ஜனெலுக்குக் கன்னமெல்லாம் அரிக்குது. சனிக்கிழமை அவளைக் கட்டிப் பிடிச்சு வழியனுப்பறப்போ, வேற கோட்டைப் போட்டுக்கோ."