செவ்வாயின் முத்திரை

பழைய படமொன்றில் செவ்வாய் கிரகத்து ராணி அணிந்த தகரத் தலைக்கவசத்தை, விண்வெளிப் படப் பொருள் சேகரிப்போர் பேரவை அச்சு அசலாகச் செய்து முடித்திருந்தது. இது முதல் மாதிரி. இதைப் பார்த்துத்தான் மற்றவை செய்யப்படும். நெற்றி விளிம்பிலிருந்த சிவப்புப் புள்ளியை மட்டும் பல முறை அழித்து அழித்துத் தீட்டினார்கள். அது செவ்வாயின் முத்திரை என்று கட்டுரை படித்துப் பொன்னாடை வாங்கியவர் தலைவர் ஞானப்பிரகாசம். திறப்பு விழாவுக்கு அன்று ராணியாக நடித்த ஹம்ஸவேணியையே அழைத்திருந்தார்கள். அவர் விளிம்பில் விரலை ஓட்டிச் சட்டென்று இழுத்துக்கொண்டார். “அடப்பாவிகளா, இந்தக் கூர்மையைக்கூடவா விடலை? முத்திரையாம் முத்திரை! தகரம் கிழிச்சு வந்த என் ரத்தம்யா அது. ஷாட் முடியற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னுட்டாங்க.” நரைமுடியை ஒதுக்கித் தழும்பைக் காட்டினார். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்ப நிறம் தப்பும்மா! நாங்க பெயிண்டுல்ல அடிச்சிருக்கோம். நீங்க மனசு வெச்சு ஒரே ஒரு தடவை போட்டுக் கழட்டினீங்கன்னா…” பேரவையே கைதட்டியது. ஹம்ஸவேணி எழுந்தார். கவசத்தைத் தலைவரின் தலையில் கவிழ்த்து, இரண்டு கைகளாலும் அமுக்கினார். “நீங்களே போட்டுக்குங்க தலைவரே. ஷாட் முடியற வரைக்கும் கழட்டக் கூடாது.” உறுப்பினர்கள் செல்போன்களைத் தூக்கினார்கள். “ஐயோ, கழட்டுங்கப்பா” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “கொஞ்சம் ஆடாம நில்லுங்க தலைவரே,” என்றார் செயலாளர், “இப்பதான் நிறம் சரியா வருது.”