எண்ணெய்ச் சட்டி

தட்டை வாங்கிக்கொண்டாள். வாங்கியிருக்கக் கூடாதோ என்று அதற்குப் பிறகுதான் தோன்றியது.

எதிர்வீட்டுச் சம்பூர்ணம் அக்கா வாசற்படியிலேயே நின்றாள். எண்ணெய்க் குளியல் முடிந்து தலையில் ஈரத்துண்டு. விடிந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் தெருவெல்லாம் வெடிக் காகிதம்.

தட்டில் முறுக்கு, அதிரசம், இரண்டு வாழைப்பழம்.

ஓரத்தில் ஒரு முழம் மல்லிகை.

பலகாரம் மட்டும் இருந்திருந்தால் புரிந்திருக்கும். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருசத்துக்குத் தீபாவளி, பொங்கல் என்று எந்த நோம்பியும் கிடையாது, எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தத் தட்டை வெறுமையாகத்தான் திருப்பித் தர வேண்டும்.

பூ இருந்தால் அது நோம்பித் தட்டு. புருசன் இருக்கிறவளுக்கு வைக்கிற பூ. அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்பவே கூடாது.

அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

அக்காவுக்கும் தெரியவில்லை. பூவை வைத்துவிட்டு, எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டே தெருவைக் கடந்து வந்தவள் மாதிரி நின்றாள்.

எட்டு மாதம்.

அவள் புருசன் வையாபுரி மாசியில் சங்ககிரியிலிருந்து குஜராத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனான். லாரி கிடைத்தது. ஒரு ஆற்றுப் பாலத்து ஓரமாக, கதவு திறந்தபடி, கட்டின தார்ப்பாய் அவிழாமல் நின்றது. அவன் கிடைக்கவில்லை. ஆற்றில் நான்கு நாள் தேடினார்கள்.

ஏழு வருசம் போகட்டும், அதற்கப்புறம்தான் எதையும் எழுதித் தர முடியும் என்றார் போலீஸ்காரர். உயிர் இருக்கிறது, திசைதான் தெரியவில்லை என்றார் ஜோசியர்.

அவள் தினமும் பொட்டு வைக்கிறாள். ஆனால் சின்னதாக. யாரும் சொல்லவில்லை. அதுவாகவே சுருங்கிவிட்டது.

போன வாரம் நாத்தனார் பாவாயி வந்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"இந்த வருசம் நோம்பி வேண்டாம் புள்ள."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் நாத்தனார் அதை வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால் புதுத்துணி எடுக்கவில்லை. விடியலில் பழக்கத்துக்கு எழுந்து நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றினாள். மறுபடி பாட்டிலிலேயே ஊற்றி வைத்தாள். இழவுக்கும் தலை முழுகுகிறார்கள், தீபாவளிக்கும் தலை முழுகுகிறார்கள். தான் இன்று முழுகினால் அது எந்த முழுக்கு?

மகள் தர்சினி உள்ளேயிருந்து வந்து தட்டை எட்டிப் பார்த்தாள். இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கதை சொல்லியிருக்கிறார்கள். நரகாசுரன் செத்தான். பெற்ற தாய் அழவில்லையாம். என் மகன் செத்த நாளில் ஊரே எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும், விளக்கு வைக்க வேண்டும் என்று வரம் கேட்டாளாம். இரண்டு நாளாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நரகாசுரன் செத்ததுக்குத் தீவாளி வந்துச்சு. நம்மூட்ல யாரு செத்தாங்கன்னு தீவாளி இல்ல?"

சம்பூர்ணம் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

தெரிந்தால்தானே சொல்ல.

"உள்ள வந்து உக்காருங்கக்கா," என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

தட்டோடு சமையலறைக்குப் போனாள்.

அடுப்பைப் பற்றவைத்தாள். சட்டியை வைத்தாள். எண்ணெய் ஊற்றினாள். ஒவ்வொன்றும் செய்து முடித்த பிறகுதான் செய்தது தெரிந்தது.

கோதுமை மாவு இருந்தது. வெல்லம் இருந்தது. கச்சாயம் சுட அது போதும்.

வெல்லத்தைப் போட்டு மாவைக் கரைத்தாள். இதைச் சுட்டுக் கொடுத்தால் அவன் இருக்கிறான் என்றாகிவிடுமா? இல்லாத ஒருவனுக்காகச் சட்டி வைத்தவள் என்று ஊர் பேசுமா? சுடாமல் வெறுந்தட்டைக் கொடுத்தால், அவன் செத்துவிட்டான் என்று தானே முதலில் சொன்னதாகிவிடுமா?

எது பாவம் என்று தெரியவில்லை.

முதல் கரண்டி மாவு எண்ணெயில் இறங்கியது.

அந்தச் சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும். வாசம் தெருவரை போயிருக்கும்.

வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை. சம்பூர்ணம் அக்கா பதறி எழுந்திருப்பது கேட்டது.

பாவாயி.

இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். நாளும் கிழமையுமாக இந்த வீட்டைத் தனியே விட மனமில்லாமல் வந்திருப்பாள். நேராகச் சமையலறைக் கதவுக்கு வந்து நின்றாள். சட்டியைப் பார்த்தாள். தட்டிலிருந்த பூவைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

அடுப்பை அணைக்கவும் தோன்றவில்லை. திருப்பிப் போடவும் தோன்றவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். கச்சாயம் அடிப்பக்கம் கறுக்கத் தொடங்கியது.

"நங்கையா..."

நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

பாவாயி அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினாள். கச்சாயத்தைத் திருப்பிப் போட்டாள். மாவுப் பாத்திரத்தில் விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்தாள்.



பிறகு, சுவரைப் பார்த்துக் கோபமாகச் சொன்னாள்:

"வெல்லம் பத்தாது. தம்பி திங்க மாட்டான்."