கார் குடித்த மிச்சம்

"இன்னும் ஊத்துலே," என்றார் சங்கரபாண்டி.

செல்லச்சாமி ஊற்றினான். வடகரைக்கு வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. டிரைவர் என்று பெயர்தானே தவிர, ஸ்டியரிங்கை இன்னும் தொட்டபாடில்லை. விடிந்தால் மேலத்தெருக் கிணற்றில் இறைப்பதும், அதைக் கொண்டுவந்து காரின் தலையில் ஊற்றுவதும்தான் உத்தியோகம்.

சீசன் தொடங்கினால், தென்காசி ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைக் குற்றாலத்துக்கு ஏற்றிப் போவதற்கென்று சங்கரபாண்டி வாங்கிப் போட்ட பழைய கார் அது. போன வருஷம் பாதி வழியில் கொதித்து, நடுரோட்டில் ஆவி விட்டு, அவர் மானத்தை வாங்கிவிட்டதாம். இந்த வருஷம் ரேடியேட்டரைக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பிய பிறகுதான் வண்டி தெருவைத் தாண்டும் என்று சொல்லிவிட்டார்.

கழுவுவது செல்லச்சாமிக்குத் தெரியாததா என்ன? ஆலங்குளத்தில் பஸ் ஓட்டியவன். இஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, ரேடியேட்டரின் அடியிலுள்ள குழாயைத் திறந்து துருத் தண்ணீரை வடித்து, சோடா உப்பைக் கரைத்து ஊற்றி மறுபடி ஓடவிட்டு, தெளியும் வரை அலசினால் ஒரு காலையில் முடிந்துபோகும் வேலை.

சங்கரபாண்டியோ இஞ்சினைத் தொடவே கூடாது என்றார். காரின் முகத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. அது சொரிமுத்து அய்யனாருக்கு நேர்ந்த துணியாம். சாரல் விழும்வரை எவனும் அதை அவிழ்க்கக் கூடாதாம். மேலே புனல், கீழே திறந்த குழாய். ஊற்ற ஊற்ற ஒழுகிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் கிறுக்கைக்கூட ஒருவன் மன்னித்துவிடலாம். கீழே நடந்ததைத்தான் செல்லச்சாமியால் பொறுக்க முடியவில்லை.

அந்த வருஷம் சாரல் பிந்திவிட்டது. குற்றாலத்துப் பாறையே காய்ந்து கிடந்தது. கீழத்தெரு ஊற்றும் வற்றிப்போயிற்று. மேலத்தெருக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஆனால் அதைக் கீழத்தெருக் குடத்தில் ஊற்றுகிறவன் குடும்பத்தோடு ஊர் விலக்கு. அதனால் கீழத்தெருப் பெண்கள் காரின் அடிக்குழாயில் குடத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதற்கு ஊர்க்கூட்டம் போட்டே அனுமதி கொடுத்திருந்தார்கள். கார் என்ன சாதி என்று ஒரு பொழுது முழுக்க வாதம் நடந்திருக்கிறது. அது சீமையில் பிறந்தது, சாதி கிடையாது என்று கடைசியில் தீர்ந்தது. அதன் வாய்க்குள் போன தண்ணீர் அப்புறம் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, காரின் எச்சில்தான் என்றும் முடிவாயிற்று. எச்சிலைத்தானே எடுக்கிறார்கள் என்பதில் பெரியவர்களுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

செல்லச்சாமிக்கு வயிறு எரிந்தது. துருவும் எண்ணெயும் ஊறுகிற இடத்துத் தண்ணீரையா பிள்ளைகள் குடிப்பது? நேராக ஒரு குடம் ஊற்ற நெஞ்சில் ஈரமில்லாத மனுஷன், கார் கழிப்பதைக் குடிக்க வைத்துவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை வேடிக்கை வேறு பார்க்கிறாரே என்று பல்லைக் கடித்தான்.

மாரித்தாய் என்ற கீழத்தெருப் பெண், குடம் நிறைந்ததும் அங்கேயே ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"குடிக்காத தாயி, வயித்தக் கெடுத்துரும்," என்றான்.

"நல்லாத்தான் இருக்கு டிரைவரய்யா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவனுக்கு அழுகையே வந்தது.

மறுநாள் ஊர்ப்பெரியவர் பலவேசம் நாலு பேரோடு வந்து காரைச் சுற்றி நின்றார். கிணற்றில் தண்ணீர் ஒரு படிக்கட்டு இறங்கிவிட்டது என்று அவருக்குக் கோபம்.

"ஏ சங்கரபாண்டி, யானைகூட இம்புட்டுக் குடிக்காதே. நீ கழுவுதியா, தானம் பண்ணுதியா?"

"கழுவத்தான் செய்யுதேன் அண்ணாச்சி. உள்ள அழுக்கு அப்பிடி."

பலவேசம் அவரை விட்டுவிட்டு டிரைவரிடம் திரும்பினார்.

"நீ வண்டி படிச்சவன். அய்யனார் மேல சத்தியமாச் சொல்லு. ஒரு காருக்கு எம்புட்டுத் தண்ணி வேணும்? இவன் கூத்துக் கட்டுதான்னா, இந்தக் காரும் இங்கன நிக்காது, இவன் வீடும் ஊரோட ஒட்டாது."

சங்கரபாண்டியின் முகம் வெளுத்துப்போனது. அதைப் பார்க்கச் செல்லச்சாமிக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ரெண்டு குடம் போதும் என்று உண்மையைச் சொன்னால் போதும், ஆள் தொலைந்தார். கீழத்தெருவுக்கு இந்தத் தண்ணீரும் போய்விடும்தான். போகட்டும், இந்த விஷத்தைக் குடிப்பதற்குச் சிற்றாற்று மணலைத் தோண்டிக் கிடைப்பதைக் குடிக்கலாம் என்று நினைத்தான்.

வெறும் வாயால் சொல்வானேன், ஒரு பிடி துருவைச் சுரண்டி எல்லார் முகத்துக்கு நேராகவும் நீட்டிவிடுவோம் என்று தோன்றியது. பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லி, காரின் முன்னால் குனிந்தான். சங்கரபாண்டி தடுக்க எழுந்தார். அதற்குள் அவன் சிவப்புத் துணியின் ஓரத்தைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுவிட்டான்.

உள்ளே ரேடியேட்டரே இல்லை.

அதைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டு, புனலிலிருந்து அடிக்குழாய் வரை புதிதாக வெட்டிய மூங்கில் குழாய் ஒன்றை நேராக இறக்கியிருந்தார் சங்கரபாண்டி. கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் காரைத் தொடாமல், தெளிவாக, கீழத்தெருக் குடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

செல்லச்சாமி தலையை வெளியே எடுத்தான். துணியைப் பழையபடி இழுத்து, முடிச்சை இன்னும் இறுக்கிப் போட்டான். பலவேசத்தைப் பார்த்து, அய்யனார் மேல் கூசாமல் சத்தியம் பண்ணினான்.

"துரு மலையாக் கிடக்கு அண்ணாச்சி. சாரல் விழுத வரைக்கும் ரெண்டு வேளையும் கழுவணும்."