மூணாவது தப்பு

"மூணு தப்பு கண்ணுல பட்டா நிறுத்திடுவோம். பழைய ரிஜிஸ்டரே இருக்கட்டும்" என்றார் செக்ரட்டரி குணசேகரன்.

வசந்தாவுக்கு அது போதும். அம்பத்தூரில் அந்த அபார்ட்மெண்டைக் கட்டின நாளிலிருந்து அறுபது வீட்டு விவரமும் அவள் கையெழுத்தில்தான் இருந்தது. இப்போது எல்லாம் செல்போன் ஆப்பில் வரப்போகிறதாம். வீடு வீடாகப் போய் ஃபாரம் வாங்கும் வேலையை, எதிர்வீட்டு புஷ்பாவிடம் கொடுத்துவிட்டார் செக்ரட்டரி.

புஷ்பாவுக்கு என்ன குறை? பெரிய மகன் ஸ்ரீராமுக்குப் பக்கத்திலேயே, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஐ.டி. வேலை, கார். சின்னவன் பூந்தமல்லியில் வீடே வாங்கிவிட்டான். இந்தப் பெருமையும் அவளுக்கேவா? 'முருகா, இது உனக்கே நியாயமா?' என்று காலையில் விளக்கேற்றும்போதே முறையிட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள் வசந்தா.

நாளைக்கு ஆப் தொடக்கம். இன்று சோதனை. மூன்றாவது மாடி லோகேஷ், ஃபாரங்களைப் பார்த்து டைப் செய்த பட்டியலை லேப்டாப்பிலிருந்து ஆப்பில் ஏற்றினான்.

வசந்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"இதென்ன தம்பி, வீட்டு நம்பர் ஏப்ரல் மூணுன்னு வருது?"

"அது 3-4 ஆன்ட்டி. கம்ப்யூட்டர் தேதின்னு நினைச்சிடுச்சு. சரி பண்ணிடறேன்."

"என் ரிஜிஸ்டர்ல ஏப்ரல் மாசத்துல யாரும் குடியிருந்ததில்லப்பா."

குணசேகரன் சிரித்துக்கொண்டே 'ஒன்று' என்று குறித்தார்.

"இங்க பாருங்க, எஸ். வீரராகவன்ல இனிஷியல் மட்டும் நிக்குது. பாவம், மனுஷன் பேரையே முழுங்கிட்டீங்க!"

"ஃபாரத்துல சரியாத்தான் எழுதி வாங்கினேன்க்கா" என்றாள் புஷ்பா மெதுவாக.

"வாங்கினா ஆச்சா? வந்து சேர வேணாமா?"

இரண்டு.

கடைசியாக அவசர மணி. ஆப்பில் ஒரு வீட்டின் பொத்தானை அழுத்தினால், அந்த வீட்டுக்காரர் ஃபாரத்தில் கொடுத்த அவசர நம்பருக்கு போன் போக வேண்டும்.

"யார் வீட்டை டெஸ்ட் பண்ணலாம்?"

"வேலை செஞ்சவ வீடே இருக்கட்டும்" என்றாள் வசந்தா.

"ஐயோ, என் வீடு வேணாம் தம்பி..." புஷ்பா சொல்லி முடிப்பதற்குள் லோகேஷ் அழுத்திவிட்டான்.

வசந்தாவின் மடியிலிருந்த போன் அடித்தது.

"பாத்தீங்களா சார்! ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க பக்கத்துலயே இருக்க, இவ வீட்டு மணி எனக்கு அடிக்குது! எழுதிக்குங்க, மூணு!"

புஷ்பா தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புன்னே எழுதிக்குங்க சார். அக்கா ரிஜிஸ்டரே இருக்கட்டும்."

"அப்படி விட முடியாது ஆன்ட்டி. நீங்க எழுதிக் கொடுத்ததைப் பார்த்துடலாம்." லோகேஷ் ஃபாரக் கட்டைப் பிரித்தான்.

"வேணாம் தம்பி, விடு."

"ஏன் விடணும்? இப்படிக் கொடு, நானே படிக்கிறேன்." வசந்தா காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

வாய்விட்டுப் படிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"என்னம்மா, மூணுன்னு போட்டுடவா?" என்றார் குணசேகரன்.

"வேணாம் சார். இது சரியாத்தான் வந்திருக்கு. நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க."

காகிதத்தை மடித்து, வேறு யார் கண்ணிலும் படாமல் புஷ்பாவின் கையில் வைத்தாள்.

அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் ஸ்ரீராமின் பெயரை அடித்துவிட்டு, வசந்தாவின் பெயரை எழுதியிருந்தாள் புஷ்பா. உறவுமுறை என்ற கட்டத்தில் 'மகன்' என்பதையும் அடித்திருந்தாள். பக்கத்தில் நுணுக்கி எழுதியிருந்தது: 'கூப்பிட்டால் வருகிற அக்கா.'