கட்டுக்குள் மை

அது 1911ஆ, மறு வருஷமா என்று எனக்கு உறுதியில்லை. ஆஸ்பத்திரியில் கண்புரை அறுவைக்கு முன் நோயாளியின் கண்ணை மருந்துநீரால் கழுவி, பஞ்சு வைத்துக் கட்டுவேன். மறுநாள் பஞ்சு சுத்தமாக இருந்தால்தான் வெள்ளைக்கார டாக்டர் அறுப்பார். ஏரல் சுடலைவடிவுக்கு மூன்று நாளும் நான் போட்ட முடிச்சு அவிழவில்லை. உள்ளே பஞ்சில் மட்டும் புதுக் கண்மை.

"யாரு வச்சது, அக்கா?"

"எம்மவதான். கண்ணு மங்குனதுலேருந்து அவதான் குளிர்ச்சிக்கு வச்சுவிடுதா."

மகளைப் பங்குனியில் காலராவுக்குப் பறிகொடுத்ததையும் அவளேதான் சொல்லியிருந்தாள்.

"மையில கிருமி இருக்கும். வரவேண்டாம்னு சொல்லுங்க."



"பைய சொல்லுதேன்" என்றாள்.

நான்காம் நாள் பஞ்சு வெள்ளையாக இருந்தது. அறுவை முடிந்து பார்வை வந்தது. டாக்டர் சீமைக்குத் திரும்பினார். சுடலைவடிவு பதினோரு வருஷம் நாற்று நட்டுப் பிழைத்தாள். மகள் பிறகு வரவில்லை.